‘ஸ்டார்’ என்ற ஒரே பெயரில் மூன்று தலைகள்: திருப்புளியின் கதை

நாம் ஸ்க்ரூ டிரைவர் என்று சொல்லும் கருவிக்குத் தமிழில் திருப்புளி என்று ஒரு பெயர் உண்டு. திருப்பு, உளி: திருப்புகிற உளி. பார்வைக்கு உளி மாதிரியே இருக்கும், ஆனால் செதுக்காது, திருப்பும். இவ்வளவு பொருத்தமான பெயர் இருந்தும் அது பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. கடைவீதியில் போய் “திருப்புளி இருக்கா?” என்று கேட்டால் மளிகைக் கடைக்கு வழி காட்டுவார்கள்.

அது திருப்பும் பொருளுக்குத் திருகாணி என்று பெயர். வீட்டுப் பெண்களிடம் திருகாணி என்றால் தோட்டின் பின்னால் இருப்பதுதான் நினைவுக்கு வரும். அதற்குக் கருவி வேண்டாம், இரண்டு விரல் போதும். கதவு, ஃபேன், சுவிட்ச் போர்டு, கிச்சன் கேபினெட் இவற்றில் இருக்கும் திருகாணிக்குத்தான் கருவி வேண்டும். அந்தக் கருவியைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் நாம் திருகாணிகளின் தலையைச் சிதைத்துக்கொண்டிருக்கிறோம். நம் குடியிருப்பில் கேபினெட் கதவுகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கீலில் உள்ள திருகாணிகளில் பாதிக்கு நடுவே குழிதான் இருக்கும், வடிவம் இருக்காது. குற்றம் கைவேலை செய்தவருடையது மட்டுமல்ல. இதற்குப் பின்னால் ஐந்நூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது.

இரும்பு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நகருக்கு அருகே உள்ள பொற்பனைக்கோட்டையில் இரும்பு உருக்கிய தடயங்கள் இருக்கின்றன. அங்கே தமிழகத் தொல்லியல் துறை 2023-ல் அகழாய்வைத் தொடங்கியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பழைய ஆயுதங்களையும் பார்க்கலாம். ஆணி, உளி, கொழு, அரிவாள் எல்லாம் இங்கே கொல்லன் பட்டறையில் அடித்தவை. ஆனால் திருகாணி மட்டும் நம் பழைய மரவேலையில் கிடையாது. அது தேவைப்படவும் இல்லை. ஆசாரி ஒரு மரத்தில் கழுந்து எடுப்பார், இன்னொன்றில் துளை போடுவார், இரண்டையும் இறுக்கி முளை அடித்துவிடுவார். கதவுக்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையிலும் வாசற்படியிலும் உள்ள குழிக்குள் உட்கார்ந்து சுழலும். (குடுமியான்மலைக்கும் இந்தக் குடுமிக்கும் சம்பந்தம் இல்லை.) பழைய கோயில் கதவுகளில் இதை இன்றும் பார்க்கலாம்.

கீல் வந்தபோதுதான் திருகாணியும் வந்தது. ராங்கியம், நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி பக்கம் நகரத்தார் வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பர்மா தேக்குத் தூண்களையும் இத்தாலிப் பளிங்கையும் அண்ணாந்து பார்ப்பார்கள். அடுத்த முறை போனால் ஜன்னல் கதவின் கீலுக்குப் பக்கத்தில் போய்த் திருகாணித் தலையைப் பாருங்கள். அதன் குறுக்கே ஒற்றைக் கோடு இருந்தால் அது வீடு கட்டிய காலத்துத் திருகாணியாக இருக்கலாம். கூட்டல் குறி இருந்தால், அது 1936-க்குப் பிறகு யாரோ மாற்றியது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். ஏன் 1936 என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திருகாணி ஐரோப்பாவில் முதலில் தச்சு வேலைக்கு வரவில்லை. போர்க்கவசத்தின் பகுதிகளை இணைக்கவும், துப்பாக்கியின் பூட்டை மாட்டவும், கடிகாரத்துக்கும்தான் வந்தது. தெற்கு ஜெர்மனியில் 1475-க்கும் 1490-க்கும் இடையில் வரையப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடியில், திருகாணிக்கு மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தின் படம் இருக்கிறது. அப்போதெல்லாம் ஒவ்வொரு திருகாணியையும் அரம் பிடித்து ராவித்தான் செய்ய வேண்டும். ஒன்றின் மரை இன்னொன்றுக்குப் பொருந்தாது. விலையும் அதிகம். தலையில் கோடு போடுவது மட்டும் சுலபம், வாளால் ஒரு இழுப்பு. ஒற்றைக் கோட்டுத் தலை பிறந்த காரணம் அவ்வளவுதான். திருப்புகிறவருக்கு வசதி என்று யாரும் யோசித்துச் செய்ததல்ல, செய்கிறவருக்குச் சுலபமாக இருந்தது.

1760-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜாப் வயட், வில்லியம் வயட் என்ற சகோதரர்கள் திருகாணி செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பல நிமிட வேலை சில நொடி வேலையானது. ஆனாலும் இன்னும் சுமார் நூறு வருடத்துக்குத் திருகாணியின் முனை மழுங்கலாகவே இருந்தது. முதலில் துளை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். இன்று நாம் பார்க்கும் கூர்முனைத் திருகாணிக்கு அமெரிக்காவில் 1846-ல் காப்புரிமை வந்தது. அதன் பிரிட்டிஷ் உரிமையை பர்மிங்காம் பக்கத்து நெட்டில்ஃபோல்டு நிறுவனம் வாங்கியது. அந்தத் தொழிலில் பங்குக்குப் பணம் போட்ட குடும்பம் ஒன்று, கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள 1854-ல் தன் 18 வயது மகனை பர்மிங்காமுக்கு அனுப்பியது. அவர் பெயர் ஜோசப் சேம்பர்லேன். திருகாணி விற்றுச் சம்பாதித்துவிட்டு அரசியலுக்குப் போய், பின்னாளில் பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் அமைச்சரானார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லேன் இவருடைய மகன்.

நெட்டில்ஃபோல்டு 1902-ல் கெஸ்ட் கீன் நிறுவனத்தோடு இணைந்தது. சுருக்கமாக ஜி.கே.என். அதன் இந்தியக் கிளையான கெஸ்ட் கீன் வில்லியம்ஸ், 1930-களிலிருந்து கல்கத்தாவை ஒட்டிய ஹவுராவில் தொழில் நடத்தியது. பெரியவர்கள் சிலருக்கு ஜி.கே.டபிள்யூ என்ற எழுத்துகள் போட்ட திருகாணிப் பெட்டி இன்னும் ஞாபகம் இருக்கும். ஜி.கே.என். பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஒற்றைக் கோட்டில் ஒரு பெரிய தொல்லை. திருப்புளி நடுவில் நிற்காது, பக்கவாட்டில் வழுக்கும். வழுக்கினால் மரத்தில் கீறல் விழும், இல்லாவிட்டால் இடது கையில் குத்தும். கனடாவில் பீட்டர் ராபர்ட்சன் என்ற விற்பனையாளர், தெருவில் கருவியைச் செய்து காட்டும்போது வழுக்கிக் கையை வெட்டிக்கொண்டார் என்றும், அந்தக் கோபத்தில்தான் புதுத் தலையை யோசித்தார் என்றும் ஒரு கதை உண்டு. கோபமோ என்னவோ, 1908-ல் அவர் சதுரக் குழி வைத்த திருகாணியை ஒன்டாரியோ மாகாணத்தின் மில்டன் என்ற ஊரில் செய்ய ஆரம்பித்தார். கருவியைக் குழிக்குள் வைத்தால் திருகாணி விழாமல் அதிலேயே நிற்கும். ஒரு கையாலேயே வேலை செய்யலாம். வழுக்கவே வழுக்காது. ஃபோர்டு கார்த் தொழிற்சாலைக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் யார் செய்வது, எவ்வளவு செய்வது என்ற கட்டுப்பாட்டை ஃபோர்டு கேட்டபோது ராபர்ட்சன் மறுத்துவிட்டார். கனடாவில் இன்றும் வீடு முழுக்கச் சதுரக் குழிதான். மற்ற நாடுகளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் நல்ல தலை தோற்றது அப்போதுதான்.

அந்த இடத்தை அமெரிக்காவின் ஹென்றி ஃபிலிப்ஸ் பிடித்தார். கூட்டல் குறித் தலையின் அடிப்படை யோசனை இன்னொருவருடையது. அதை வாங்கித் திருத்தி 1936-ல் காப்புரிமை பெற்றவர் இவர். முதலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களுக்கு எடுத்துக்கொண்டது. ராபர்ட்சன் போல் பிடிவாதம் பிடிக்காமல், கேட்ட கம்பெனிக்கெல்லாம் ஃபிலிப்ஸ் உரிமம் கொடுத்தார். சில வருடங்களில் அமெரிக்காவின் பெரும்பாலான திருகாணிக் கம்பெனிகள் அதைச் செய்தன. பிறகு போர் வந்தது. விமானங்களோடும் லாரிகளோடும் கூட்டல் குறி உலகம் முழுவதும் போனது.

ஃபிலிப்ஸ் தலை தொழிற்சாலைக்காகவே பிறந்தது. இயந்திரத் திருப்புளி வேகமாக வந்து இறங்கும்போது முனை தானாகவே நடுவில் உட்கார வேண்டும். அதற்காகக் குழியின் சுவர்கள் உள்நோக்கிச் சரிவாக இருக்கும். சரிவின் பலன், உட்காருவது சுலபம். சரிவின் தண்டனை, அழுத்தித் திருப்பினால் முனை மேலே ஏறிக் குழியை விட்டு வெளியே வந்துவிடும். “டுர்ர்” என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். ஒவ்வொரு சத்தத்துக்கும் திருகாணியின் தலையில் கொஞ்சம் உலோகம் போகிறது. மாட்டுகிறவருக்குப் பெரிய இழப்பில்லை. பத்து வருடம் கழித்துத் துருப்பிடித்த பிறகு கழற்றுகிறாரே, அவர் தலையில்தான் அது விழுகிறது. அவர் நாம்.

இந்தக் குறையைச் சரிசெய்தவர்கள் பழைய பர்மிங்காம்காரர்களே. 1960-களின் தொடக்கத்தில் ஜி.கே.என்., ஃபிலிப்ஸ் கம்பெனியோடு சேர்ந்து போசிடிரைவ் என்ற தலையைக் கொண்டுவந்தது. அதுவும் கூட்டல் குறிதான். ஆனால் சுவர்கள் ஏறக்குறைய நேராக இருக்கும், அதனால் முனை மேலே ஏறாது. அடையாளம் காண்பதும் எளிது. கூட்டல் குறியின் நான்கு மூலைகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் கீறப்பட்டிருக்கும், பெருக்கல் குறி போல. திருப்புளியின் முனையிலும் நான்கு பெரிய சிறகுகளுக்கு நடுவே நான்கு சின்ன முகடுகள் தெரியும். ஐரோப்பிய மரச்சாமான் தொழில் முழுக்க இதற்கு மாறியது.

ஜப்பானியர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டல் குறியை வைத்துக்கொண்டார்கள். ஜப்பானியத் தர நிர்ணயப்படி செய்தது என்பதால் ஜே.ஐ.எஸ். என்று பெயர். ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் குழியின் அளவுகள் கொஞ்சம் வேறு. ஃபிலிப்ஸ் முனை அதற்குள் முழுதாக இறங்காமல் அரைகுறையாக நிற்கும். பல திருகாணிகளில் தலையில் ஒரு சின்னப் புள்ளி அடையாளமாக இருக்கும். 1980-களின் நடுவில் சுசுகி, ஹோண்டா, யமஹா என்று ஜப்பானியக் கூட்டு வண்டிகள் நம் தெருவுக்கு வந்தபோது இந்தத் தலையும் வந்தது. கார்புரேட்டர் மூடியின் திருகாணி ஏன் எப்போதும் மொட்டையாகவே இருக்கிறது என்று பழைய ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவர்கள் யோசித்திருப்பார்கள். மெக்கானிக் கெட்டிக்காரர்தான், அவர் கையில் இருந்த கருவிதான் வேறு நாட்டுத் தலைக்கு உரியது.

ஆக ஃபிலிப்ஸ், போசிடிரைவ், ஜே.ஐ.எஸ். என்று மூன்று. நம் ஊர்க் கடையில் மூன்றுக்கும் ஒரே பெயர், ‘ஸ்டார்’. “ஸ்டார் ஒண்ணு குடுங்கண்ணே” என்றால் வருவது ஃபிலிப்ஸ். நம் வீட்டில் காத்திருப்பதோ மூன்றும். தலைகள் கெடுவதன் காரணத்தில் பெரும்பகுதி இந்த ஒற்றைப் பெயரில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வீட்டில் எங்கே எது

மாடுலர் கிச்சன் கதவு தொங்கிவிட்டால் கீலில் உள்ள திருகாணியைத் திருப்பிச் சரிசெய்கிறோம். ஐரோப்பிய வகைக் கீல்களில் அது பெரும்பாலும் போசிடிரைவ் 2-ம் எண். அதில் ஃபிலிப்ஸ் முனையை வைத்தால் நுழைந்தது போலவே இருக்கும், ஆனால் ஆடும். இரண்டு முறை திருப்பினால் குழி வட்டமாகிவிடும். கீலோடு மாற்ற வேண்டியதுதான். நேர்மாறாகப் போசிடிரைவ் முனை ஃபிலிப்ஸ் குழியில் சரியாக இறங்கவே இறங்காது. அது ஒரு வகையில் நல்லது, தவறு உடனே தெரிந்துவிடும்.

மெயின் போர்டில் எம்.சி.பி.களின் முனையத்தில் ஒற்றைக் கோடும் கூட்டல் குறியும் கலந்த ஒரு தலை இருக்கும். இங்கே விஷயம் அழகைப் பற்றியதல்ல. முனையம் இறுக்கமாக இல்லாவிட்டால் அந்த இடத்தில் மின்தடை கூடும், சூடேறும், ஒயரின் உறை கருகும். ஏ.சி., கீசர் ஓடும் லைனில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தலை மொட்டையான திருகாணியை இறுக்க முடியாது. அதாவது கேபினெட்டில் கதவு தொங்கும் அதே தவறு, போர்டில் தீயில் கொண்டுபோய் விடலாம். போர்டை நாமே திறக்க வேண்டாம், எலக்ட்ரீஷியன் வரட்டும். ஆனால் அவர் பையிலிருந்து எடுக்கும் திருப்புளியின் முனையை ஒரு பார்வை பார்க்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. முனை உருண்டிருந்தால் “தம்பி, வேற இருக்கா?” என்று கேட்கலாம். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரிமோட், பொம்மை, கால்குலேட்டர் எல்லாம் சின்ன ஃபிலிப்ஸ். மொபைல், லேப்டாப்பில் ஆறு இதழ்ப் பூ மாதிரி இருப்பது டார்க்ஸ். 1967-ல் அமெரிக்காவில் வந்தது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கடையில் நிற்கும்போது

ஆணி வாங்கப் போகும்போது ஆணியைக் கொண்டுபோக வேண்டாம், ஆனால் திருப்புளி வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். முனையைத் தலையில் வைத்து, திருப்புளியைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். காந்தம் இல்லாத முனையாக இருந்தால், திருகாணி விழாமல் ஒரு நொடியாவது தாங்கி நிற்க வேண்டும். உடனே விழுந்தால் அளவு பொருந்தவில்லை. கூட்டல் குறியில் 0, 1, 2, 3 என்று எண்கள் உண்டு. வீட்டு வேலையில் பெரும்பங்கு 2-க்கே. எண் பொறிக்கப்படாத திருப்புளியை நான் எடுப்பதில்லை. பி.எச். என்றால் ஃபிலிப்ஸ், பி.இசட். என்றால் போசிடிரைவ்.

ஒற்றைக் கோட்டுக்கு, முனையின் அகலம் கோட்டின் நீளத்தோடு ஒத்திருக்க வேண்டும், கோட்டை அடைக்கும் அளவு தடிமனும் இருக்க வேண்டும். அகலம் குறைந்த முனை கோட்டின் நடுவில் மட்டும் அழுத்தி உதட்டைப் பிய்க்கும். அகலம் கூடினால் பக்கத்து மரத்தைக் கீறும்.

நீளமான திருப்புளிக்கு பலம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை. நீளம் நேராகப் பிடிக்க உதவும், எட்டாத இடத்துக்குப் போகும், அவ்வளவே. திருப்பும் பலம் கைப்பிடியின் பருமனில் இருக்கிறது. உள்ளங்கை நிறையப் பிடிக்க வேண்டும். வியர்த்த கையில் வழுக்காமல் பள்ளம் பள்ளமாக இருக்க வேண்டும், நம் ஊர் சித்திரை வெயிலில் இது முக்கியம். முனையின் எஃகு குரோம் வனேடியமா அல்லது அதற்கு நிகரானதா என்று அட்டையில் பாருங்கள். மட்ட ரகம் முதல் பிடிவாதமான திருகாணியிலேயே வளையும். அதிகமாகக் கடினப்படுத்தியது வளையாமல் உடையும். திருப்புளிக்கு ஐ.எஸ். 844 என்று இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது.

இதற்கு வெளிநாட்டுப் பொருளைத் தேட வேண்டியதில்லை. நாசிக்கில் தபாரியா நிறுவனம் ஸ்வீடன் தொழில்நுட்ப உதவியோடு 1969-லிருந்து கைக்கருவி செய்கிறது. பஞ்சாபின் ஜலந்தரிலும் ராஜஸ்தானின் நாகூரிலும் (நம் நாகூர் அல்ல) கைக்கருவி செய்யும் பட்டறைகள் ஏராளம். ஒளி ஊடுருவும் அந்தக் கண்ணாடி போன்ற கைப்பிடி பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் வகை. அதில் பியூட்டிரேட் சேர்ந்த பழைய கைப்பிடிகளைப் பெட்டியில் வருடக்கணக்கில் பூட்டிவைத்தால், திறக்கும்போது கெட்ட வெண்ணெய் நாற்றம் அடிக்கும். அது எலி வேலை அல்ல.

கண்ணாடி மாதிரிக் கைப்பிடி மின்சாரத்தைத் தடுக்கும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். மின்வேலைக்கென்று சோதித்த திருப்புளியில் தண்டு முழுக்க உறை இருக்கும், முனை மட்டும் தெரியும். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அதோடு, டெஸ்டர் திருப்புளி அல்ல. அதற்குள் ஒரு சின்ன நியான் பல்பும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. நம் விரலுக்கும் 230 வோல்டுக்கும் நடுவே நிற்பது அந்த ரெசிஸ்டர்தான். டெஸ்டரை வைத்துத் துருப்பிடித்த திருகாணியைக் கழற்றுகிறவர்கள், உள்ளே விரிசல் விட்ட அதே டெஸ்டரை மறுநாள் பிளக்கில் வைத்து விரலால் தொடுகிறார்கள்.

தலை ஏற்கெனவே மொட்டையாகிவிட்டால் உடனே துளைபோடும் இயந்திரத்தைக் கூப்பிட வேண்டாம். கரண்ட் இல்லாத இடமாக இருந்தால், சரியான எண்ணுள்ள முனையை வைத்து மேலிருந்து சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, அழுத்தம் அதிகமாகவும் திருப்பல் மெதுவாகவும் முயன்று பாருங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும்.

நம் சங்கத்தின் கருவிப்பெட்டி செக்யூரிட்டி அறையில் இருக்கிறது, நோட்டில் எழுதிவிட்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதில் இப்போது ஃபிலிப்ஸ் 1, 2, ஒற்றைக் கோட்டில் இரண்டு அளவு, 1000 வோல்ட் குறி போட்டது ஒன்று இருக்கின்றன. போசிடிரைவ் 2 உள்ளூரில் விசாரித்தேன், “ஸ்டார்தானே சார்?” என்று ஃபிலிப்ஸையே நீட்டினார்கள். அடுத்த வாரம் திருச்சி போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அளவுக்கு ஒரு கீல் திருகாணியைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.